எம்சி கொடுக்காத டாக்டர்கள்

எங்கள் குடும்பத்தில் டிவி டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் பிடுங்குவதும் பெரியப்பாவின் பொறுப்பு. அவர் டாக்டர் இல்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத் தாளில் அந்த உத்தியோகத்துக்குத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்று பெயர். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது. தோட்டத்துச் சனத்துக்குச் சட்டமும் தெரியாது, அத்தனை நீளப் பெயரும் வாயில் நுழையாது. டிரசர் ஐயா, அவ்வளவுதான். புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் ஆரம்பித்துப் பிரசவம், பாம்புக்கடி, ஆயாக் கொட்டகைப் பால்மாவு, லயத்துச் சாக்கடை, கொசு மருந்து, சம்பள நாள் இரவில் உடையும் மண்டைகள் வரைக்கும் அவர் இலாகா.

இப்படிப்பட்டவரைச் சீரியல் ஆஸ்பத்திரிக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? நோயாளியைப் பார்க்கமாட்டார். சுவரைப் பார்ப்பார், மருந்து அலமாரியைப் பார்ப்பார். "ஐசியூன்னு எழுதியிருக்கான், பூ ஜாடி வச்சிருக்கான்" என்பார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு டாக்டர் தன் வீட்டு ஹாலில் அம்மாவிடம் சண்டை போடும் காட்சி வந்தால் அவருக்குக் காது சிவந்துவிடும். "கம்பெனி சாமான வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டான் பாரு." மானிட்டரில் கோடு நேராகி, சத்தம் நீளமாக இழுத்து, டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை நெஞ்சில் வைத்து நோயாளியைத் தூக்கிப் போடும்போது பெரியப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். நின்றேவிட்ட இதயத்துக்கு அது உதவாது, நெஞ்சை அமுக்க வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும் என்று அங்கிருந்தே கத்துவார். அதற்குள் இங்கே நோயாளி கண் திறந்து, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டிருப்பார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னம்மா. பெரியம்மாவின் தங்கை, பால்மரம் வெட்டிப் பென்ஷன் வயதைத் தொட்டவர். சீரியல் டாக்டர்மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை. அதற்கு ஞாயமான காரணமும் உண்டு. அவர் காலத்தில் தோட்டத்துக்கு உண்மையான டாக்டர் என்று ஒருவர் காடியில் வருவார். வாரக் கணக்கில் வராமல் இருந்துவிட்டு ஒருநாள் வருவார். வரிசையில் நிற்பவர்களை நாக்கு நீட்டச் சொல்லுவார், எதையோ எழுதுவார், பெரிய துரை பங்களாவில் தேத்தண்ணி குடிப்பார், போய்விடுவார். எழுதியதைப் படிப்பது, மருந்து கலக்குவது, நோயாளி பிழைப்பது எல்லாம் டிரசரின் தலையில். அந்த டாக்டரையே பார்த்து வளர்ந்த சின்னம்மாவுக்கு, ஒரே நோயாளியின் கட்டிலருகே வாரக் கணக்கில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, கண் கலங்கி, சொந்தக் கதையும் சொல்லும் சீரியல் டாக்டர் தெய்வமாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரிவார்?

"அதுக்குள்ள வெளியில நாப்பது பேரு காத்துக்கிட்டு இருப்பான்" என்பார் பெரியப்பா.

"காத்திருக்கட்டுமே. நாங்க காத்திருக்கலையா?"

தீபாவளிக்கு இந்த இரண்டு பேரும் செனவாங்கில் எங்கள் வீட்டில் கூடுவார்கள். தோட்டம் உடைந்த பிறகு சொந்தபந்தம் எல்லாம் செனவாங், நீலாய், போர்ட்டிக்சன், பகாவ் என்று குடியிருப்புத் தாமான் தாமானாகச் சிதறிவிட்டது. எல்லாரும் ஒரு கூரையின் கீழ் வருவது தீபாவளிக்குத்தான். வந்தவுடன் செய்வது டிவியைத் திருப்புவது. பட்டிமன்றம் ஓடும், புதுப்படம் ஓடும், நடிகை ஒருவர் முறுக்கு சுடத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லுவார். இதெல்லாம் பரவாயில்லை. பண்டிகையை ஒட்டி மகாசங்கமம் என்று ஒன்றைப் போட்டால்தான் வீடு இரண்டாகும்.

மகாசங்கமத்தின் சூத்திரம் எளிது. அடுத்தடுத்த அரை மணிகளில் வரும் இரண்டு சீரியல்களை ஒட்டி ஒரு மணி நேரமாக்கி, இந்தக் கதைக் குடும்பத்தை அந்தக் கதைக் குடும்பத்தின் வீட்டுக்கு விருந்தாளியாக அனுப்புவது. பெரும்பாலும் ஒன்று டிஆர்பியில் கொழுத்ததாக இருக்கும், மற்றது சோகை பிடித்தது. கொழுத்ததிலிருந்து மெலிந்ததற்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். ரத்தம் குடுக்கிறவரைக் கேட்டுவிட்டா குழாய் சொருகுகிறார்கள்? விஜய் டிவி அப்படித்தான் பாரதி கண்ணம்மாவையும் பாண்டியன் ஸ்டோர்ஸையும் சேர்த்தது. ஒன்று டாக்டர் வீட்டுக் கதை, மற்றது மளிகைக் கடை அண்ணன் தம்பிகளின் கதை. அரிசி மூட்டைக்கும் ஸ்டெதாஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ்நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்டார்கள். யார் கேட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

பாரதி கண்ணம்மா 2019 தொடங்கி 2023 வரை ஓடிய தொடர். கதாநாயகன் பாரதி டாக்டர், வில்லி வெண்பாவும் டாக்டர். தனக்குக் குழந்தை பிறக்காது என்று ஒரு பொய் ரிப்போர்ட்டை நம்பி, கர்ப்பிணி மனைவியைச் சந்தேகப்பட்டான் அந்த டாக்டர். அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு நடந்தாள். நடந்தாள், நடந்தாள், அப்படி நடந்தாள். அந்த நடையைக் கேலி செய்யாத தமிழன் கிடையாது. பிறகு இரட்டைப் பெண் குழந்தை பிறந்து, ஆளுக்கொன்றாகப் பிரிந்து வளர்ந்து, பேச ஆரம்பித்து, பள்ளிக்கூடம் போயும் டாக்டருக்கு டிஎன்ஏ பரிசோதனை செய்து பார்க்க நேரம் கூடவில்லை. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய், அனுப்பு, முடிவு வரும். பெரியப்பா இந்த ஒரு விஷயத்துக்காக அந்த நான்கு வருடமும் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிட்டார்.

"டாக்டர்னு சொல்றான். ஒரு டெஸ்ட்டு எடுக்கத் துப்பில்ல. நம்ம தோட்டத்துல இவன் கம்பவுண்டரா இருக்கக்கூட லாயக்கில்ல."

"டெஸ்ட்டு எடுத்துட்டா கதை முடிஞ்சிரும்ல, அத்தான்?"

"நோய் முடியறதுக்குத்தானேம்மா டாக்டரு!"

இங்கேதான் தமிழ் சீரியலின் ஆஸ்பத்திரி எதற்குக் கட்டப்பட்டது என்பது பெரியப்பாவுக்குப் புரியவில்லை. அது நோய் தீர்க்கும் இடமே இல்லை. பேசாத சம்பந்திகள் எதிரெதிர் நாற்காலியில் உட்கார வேண்டும், பழைய காதலி நர்ஸ் உடையில் வர வேண்டும், ஒளித்து வைத்த பிள்ளைக்கு அபூர்வ ரத்த வகை தேவைப்பட வேண்டும், அது வில்லியிடம் மட்டும் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரே தாழ்வாரத்தில் நடத்த வேறு கட்டடம் கிடைக்காது. கோயிலில் நடத்தலாம், ஆனால் கோயிலிலிருந்து எழுந்து போய்விடலாமே. ஆஸ்பத்திரியில் அபாயக் கட்டத்தில் ஒருவரைப் படுக்கவைத்துவிட்டால் யாரும் நகர முடியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு இடம் புரிவதில்லை. ஆபரேஷனுக்கு இன்று மாலைக்குள் பத்து லட்சம் கட்டியாக வேண்டும் என்று கவுண்டரில் சொல்லுவார்கள்; கதாநாயகி தாலியைக் கழற்றலாமா என்று யோசிப்பாள். பகாவிலிருந்து வரும் பாட்டி ஒருவர் இந்தக் காட்சி வரும்போதெல்லாம் நெளிவார். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. நிபுணரைப் பார்த்தால் ஐந்து. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. காத்திருக்கும் நேரத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும் என்பது வேறு விஷயம். "சனியன், தாலிய வித்துக்கிட்டு நிக்கிறா. ஜெனரல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ புள்ள, அஞ்சு வெள்ளிதான்" என்று பாட்டி டிவியிடம் சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் கேட்கவில்லை.

நேரக் கணக்கு தனித் துன்பம். சென்னை மணிக்கும் நம் மணிக்கும் இரண்டரை மணி நேரம் இடைவெளி. அங்கே இரவு எட்டரைக்குச் சாப்பிட்டுக்கொண்டே அழலாம். அதே நேரத்தில் இங்கே அழுவதென்றால் பதினோரு மணி. 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்து, பிறகு லயத்துக் கூரையில் வீட்டுக்கு வீடு தட்டு முளைத்தபோது, விடியுமுன் பெரட்டில் ஆள்கணக்குக்கு நிற்க வேண்டிய சனம் நடுராத்திரிவரை கதாநாயகிக்காகக் கண்விழித்தது. காலையில் பால் வெட்டும்போது தூங்கித் தூங்கி மரத்தைக் காயப்படுத்தினார்கள் என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் புலம்பியதாகப் பெரியப்பா சொல்லுவார். கண் எரிச்சல், தலைவலி என்று கிளினிக்குக்கு வருபவர்களிடம் அவர் நாக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "நேத்து என்ன ஆச்சு கதையில?" என்று கேட்டாராம். விவரமாகச் சொன்னவர்களுக்கு மருந்து கிடையாது.

எனக்குத் தெரிந்து, இரண்டு டாக்டர் தொடர்களையே முழுசாக ஒட்டும் துணிச்சல் தமிழில் இன்னும் வரவில்லை. இங்கிலாந்தில் வந்தது. பிபிசியில் 1986 முதல் 'கேஷுவல்டி' என்று ஒரு தொடர். ஹோல்பி என்ற கற்பனை நகரத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நடக்கும் கதை. அதே ஆஸ்பத்திரியின் வார்டுகளில் நடப்பதாக 1999-இல் 'ஹோல்பி சிட்டி' பிறந்தது. கீழே ஒரு சீரியல், மேலே ஒரு சீரியல். 2004 கிறிஸ்துமஸுக்கு இரண்டையும் சேர்த்து ஒரு சிறப்புத் தொடர் போட்டார்கள். லிஃப்டில் ஏறினால் அடுத்த கதை, எவ்வளவு வசதி! மறு ஆண்டு ஒரு படி மேலே போய், மாற்று உறுப்பு எந்த நோயாளிக்கு என்பதைப் பார்வையாளர்களே வாக்களித்து முடிவு செய்யச் சொன்னார்கள். இதை நான் வாசித்துச் சொன்னதும் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சின்னம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நம்ம தோட்டத்துல சங்கத் தலைவர் எலெக்‌ஷன் இப்பிடித்தானே நடந்துச்சு? சொந்தக்காரன் அதிகமா இருக்கிறவன் பொழச்சான்."

அமெரிக்கர்கள் கதை வேறு. 1994 செப்டம்பரில் சிகாகோவை வைத்தே இரண்டு ஆஸ்பத்திரித் தொடர்களை எதிரெதிர் சேனல்களில் இறக்கினார்கள், 'ஈஆர்' என்றும் 'சிகாகோ ஹோப்' என்றும். ஒரே நகரம், ஒரே வாரம். இரண்டும் கலக்கவில்லை, போட்டிதான். ஈஆர் 2009 வரை பிழைத்தது, மற்றது 2000-இலேயே கண்ணை மூடியது. ரத்தம் ஏற்ற ஆளில்லை.

கிறிஸ்துமஸும் ஹோல்பியும் இருக்கட்டும். மருத்துவக் கதையில் இரண்டு கூட்டத்தாரை இடம் மாற்றி விளையாடியதில் நெகிரி செம்பிலான் பிபிசிக்கு மூத்தது என்று பெரியப்பா ஒரே அடியாக அடிப்பார். அவர் டிரசர் படிப்பில் படித்த பாடம் அது, நானும் பிறகு தேடிப் படித்தேன், சரிதான். நூறு வருடத்துக்கு முன்பு இந்த நாட்டில் பெரிபெரி நோய் கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொன்றது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுபோகும். நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராக இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார்: தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளர்களுக்கு இது அதிகம் வருகிறது, புழுங்கல் அரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு வருவதில்லை. 1907-இல் அதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். அரிசியில் ஏதோ விஷம் ஏறுகிறது என்பது அவர் எண்ணம்.

அதே 1907-இல் பிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த மாநிலத்தின் உட்காட்டில் டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, மற்றதுக்குப் புழுங்கல் அரிசி. சில மாதத்தில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. இந்தக் கூட்டத்து ஆட்களை அந்தக் கூட்டத்து லயத்தில் கொண்டுபோய் விட்டார்கள், ஒட்டவில்லை, தொற்றுநோய் இல்லை. பிறகு அரிசியை மாற்றினார்கள். வெள்ளை அரிசிக்காரர்களுக்குப் புழுங்கல், புழுங்கல்காரர்களுக்கு வெள்ளை. நோயும் கூடவே இடம் மாறியது! நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருக்கும் சத்து அரிசிக்குள் இறங்குகிறது, தீட்டும்போது தவிட்டோடு போகிறது என்ற உண்மைக்கு அதிலிருந்து வழி பிறந்தது. பின்னாளில் அந்தச் சத்துக்கு பி1 வைட்டமின் என்று பெயர் வைத்தார்கள். அந்த முந்நூறு பேரை யாராவது கேட்டுவிட்டுச் செய்தார்களா என்பது எனக்கு உறுத்தும் இடம். ஒப்பந்தக் கூலியைக் கேட்டுச் செய்கிற வழக்கம் அன்று எங்கே இருந்தது?

சின்னம்மா இந்தக் கதையில் வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்ப வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது எங்க பாட்டி ஆக்கிப்போட்ட சோத்த. இதுக்கு ரெண்டு டாக்டரு, முந்நூறு ஆளு!" அன்று மத்தியானம் அவர் புழுங்கல் அரிசிச் சோற்றை எல்லார் தட்டிலும் ஒரு அகப்பை கூடுதலாகவே போட்டார். சர்க்கரை வியாதிக்காரர்கள் மறுத்துப் பார்த்தார்கள், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றுவிட்டார்.

பெரியப்பாவிடம் சொந்தமாகவே ஒரு மகாசங்கமம் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லுவார். சீரியலைவிட நன்றாக இருக்கும் என்பதால் நாங்களும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

அதற்கு முதலில் எம்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரசரின் கையில் மாத்திரையைவிட வலுவான ஆயுதம் அந்த நோய் விடுப்புச் சீட்டு. தீபாவளிக்குப் பொது விடுமுறை ஒரே ஒரு நாள். கறியும் கள்ளும் ஒரே நாளில் தீருமா? அதனால் மறுநாள் விடிந்தால் தோட்டத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அது ஒரு தனி வகைக் காய்ச்சல், தெர்மாமீட்டரில் ஏறாது. கிளினிக் வாசலில் முனகல் கேட்கும், உள்ளே பெயர் கூப்பிட்டதும் முனகல் நிற்கும், "ஒரு நாளாவது குடுங்க டிரசர் ஐயா" என்ற வேண்டுதல் வரும். கொடுத்தால் தோட்டத்து ஆபீஸ் கிராணி போன் அடிப்பார், "இன்னிக்கி மரத்த நான் போய் வெட்டவா?" என்று. கொடுக்காவிட்டால் மாலையில் கள்ளுக்கடையில் டிரசரின் ஏழு தலைமுறையும் அலசப்படும். அதற்குப் பெரியப்பா கண்ட மருந்து எப்சம் உப்பு. ஒரு கிளாஸ் நிறையக் கலக்கி, கண் முன்னால் குடிக்க வைப்பார். குடித்தவருக்கு எம்சி நிச்சயம். அன்று முழுக்கக் கக்கூஸை விட்டு நகர முடியாது. உண்மையான நோயாளி குடிப்பான், கள்ளன் வேலைக்குப் போய்விடுவான் என்பது அவர் சித்தாந்தம்.

ஒரு வருடம், தீபாவளிக்கு முந்தின வாரம், அடுத்த தோட்டத்து டிரசருக்குக் குடல்வால் வீங்கிச் சிரம்பானுக்குத் தூக்கிப் போனார்கள். மலையாளி, நல்ல மனிதர், ஊருக்கெல்லாம் பேதி மருந்து கொடுத்தவர் தன் வயிற்று வலியை மட்டும் வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆக இரண்டு தோட்டத்துக்கும் பெரியப்பாவே டிரசர். தீபாவளி மறுநாள் காலையில் எங்கள் தோட்டத்து கிளினிக் பெஞ்சில் எங்கள் தோட்டத்துக் காய்ச்சலும் அடுத்த தோட்டத்துக் காய்ச்சலும் சேர்ந்து உட்கார்ந்தன.

இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வருடத்துப் பந்து விளையாட்டில் ஒரு கோல் செல்லுமா செல்லாதா என்று தகராறு. அதற்கு முந்தின வருடம் மாரியம்மன் திருவிழாவில் யார் ஊர் காவடி முதலில் போவது என்று தகராறு. பெஞ்சுக்கு நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு இரண்டு கட்சியாக முனகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தோட்டத்துக் கூட்டத்தின் தலைமாட்டில் வயிற்றைப் பிடித்தபடி அவர்களுடைய மண்டோர். அவர் வேறு யாருமில்லை, பெரியப்பாவின் மாமனார். படித்த டிரசர் மண்டோர் வீட்டில் பெண்ணெடுத்ததே அந்தக் காலத்தில் நூறு எபிசோடுக்குத் தாங்கும் கதை, அது இப்போது வேண்டாம். மாமனாரென்று முதலில் கூப்பிட்டால் எங்கள் தோட்டம் கொதிக்கும். கூப்பிடாவிட்டால் வீட்டில் பெரியம்மா கொதிப்பார். பெரியப்பா மாமனாரையும் வரிசையிலேயே விட்டுவிட்டார்.

அப்போது எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். மூங்கிலில் கார்பைட் போட்டு பீரங்கி வெடித்திருக்கிறான்; வெடிக்கவில்லையே என்று மூங்கிலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். வெடித்தது. புருவம் பொசுங்கி, கன்னம் சிவந்து, மொச்சைக் கொட்டை மாதிரி கண்ணை உருட்டிக்கொண்டு நின்றான். ஆழமான காயமில்லை. அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஜென்ஷியன் வயலட்தான், கத்தரிப்பூ நிறத்து ஊதா மருந்து. முகம் முழுக்கப் பூசி, காயட்டும் என்று பின்பக்கம் மருந்து அறை ஓரமாக நிற்கச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த தோட்டத்துப் பெண் ஒருத்தி தலைவலி என்று வந்தாள். மண்டோரின் இளைய மகள், அதாவது பெரியப்பாவின் கொழுந்தியா. ஆஸ்பிரின் எடுத்துவர மருந்து அறைக்கு அனுப்பினார். அலமாரி திறந்து மாத்திரை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு ஆனது. வெளியே வந்து பெஞ்சின் முன்னால் நின்றபோது முனகல் மொத்தமும் நின்றுபோயிற்று. இரண்டு தோட்டத்துச் சனமும் தீபாவளிக் காய்ச்சல் எல்லாம் இறங்கி நிமிர்ந்து உட்கார்ந்தது. அவளுடைய இடது கன்னத்தில் பளிச்சென்று ஒரு ஊதாக் கறை.

"கன்னத்துல இல்ல, கையில" என்பார் சின்னம்மா, இந்த இடத்தில் எப்போதும்.

"நான்தானே டிரசரு, எனக்குத் தெரியாதா? கன்னம்."

"கை. புண்ணு வலிக்கிதான்னு தொட்டுப் பாத்தது. கையில ஒட்டுச்சு, கையால மூஞ்சியத் தொடச்சிருப்பேன்... தொடச்சிருப்பா."

சித்தப்பா இந்தச் சர்ச்சையில் கலந்துகொள்வதில்லை. முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வலது புருவம் இன்றுவரை சரியாக முளைக்கவில்லை.

டாக்டர் பாரதிக்குப் பஞ்சுக் குச்சியும் லேபும் ரிப்போர்ட்டும் இருந்தும் வருடக் கணக்கில் விளங்காத விஷயம் அந்தக் கிளினிக்கில் ஒரு சொட்டு ஊதா மருந்தில் விளங்கிவிட்டது. மண்டோர் வயிற்று வலியை மறந்து எழுந்தார். எங்கள் தோட்டத்துக் கோல்கீப்பர் தலைவலியை மறந்து எழுந்தார். கைகலப்பு வர வேண்டிய நேரம். பெரியப்பா நடுவில் வந்து நின்று, "யார் யாருக்கு எம்சி வேணும், இப்ப சொல்லுங்க. அடிச்சிக்கிட்டவனுக்குக் கிடையாது" என்றாராம். இரண்டு தோட்டமும் பழையபடி உட்கார்ந்து முனக ஆரம்பித்தது. மாமனாருக்கு மட்டும் எப்சம் உப்பு இரண்டு கிளாஸ் கொடுத்தார். அவர் மறுநாள் மாலைவரை எங்கேயும் போய்ச் சண்டை போடும் நிலையில் இல்லை. அதற்குள் பெரியம்மா அப்பனிடம் பேசி முடித்துவிட்டார். தை மாதம் கல்யாணம்.

இவ்வளவு கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் சென்னை டாக்டர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இங்கேயும் தமிழ் நாடகம் எடுக்கிறார்கள். தீபாவளிக்குச் சிறப்பு நாடகமும் போடுகிறார்கள். இரண்டு தோட்டம், இரண்டு டிரசர், ஒரே கிளினிக், தீபாவளி மறுநாள். ஒரு மணி நேரத்துக்குத் தாராளமாக வரும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுபோய் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

சின்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வில்லி இல்லை. யாருக்கும் ஞாபகம் போகவில்லை. பிள்ளை மாறவில்லை. "இதுல எங்க அழுவுறது?" என்றார். மலையாள டிரசர் சிரம்பானில் ஆபரேஷன் மேசையில் கிடக்கும்போது மின்சாரம் போவதாக வைக்கலாமே என்றார். வைக்கலாம் என்றேன்.

பெரியப்பா வேறு மாதிரி. கிளினிக் செட்டில் பூ ஜாடி இருக்கக்கூடாது. டிரசருக்கு வேஷம் போடுகிறவன் நாடி பிடிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், நோயாளியின் கண்ணை உருக்கமாகப் பார்க்கக்கூடாது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு கல்யாணக் காட்சிக்கு வந்தால் கேஸ் போடுவார். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஒன்றைத்தான் அவர் மன்னித்திருக்கிறார், அதுவும் நாகேஷின் வார்டு பாய்க்காக. "ஆஸ்பத்திரியில உண்மையா வேலை பாக்கிறது அவன் ஒருத்தன்தான்" என்பது அவர் விமர்சனம்.

கடைசியாக, முடிவுக் காட்சியில் டிரசர் எம்சி எழுதிக் கையெழுத்துப் போடுவதைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்றார். இத்தனை வருடமாக இத்தனை டாக்டர் சீரியல் வந்திருக்கிறது, கோமாவில் கிடந்தவன் எழுந்து போகிறான், வேலைக்குப் போகிறவனா இல்லையா, ஒருத்தனுக்காவது எம்சி எழுதிக் கொடுத்திருக்கிறானா?

"எத்தன நாளு குடுப்பீங்க?" என்றார் சின்னம்மா.

"ஒரு நாள்தான்."

"ஒரு நாள் எம்சிக்கு எதுக்கு அத்தான் மகாசங்கமம்? ஒரு வாரமாச்சும் குடுங்க, கதை ஓடணும்ல."

பெரியப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நோட்டைக்கூட வாங்கிப் பார்த்தார். "ஒரு வாரம்னா என் கையில இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதி அனுப்பணும். அங்க போய் உக்காந்தா பேரு கூப்பிடவே அடுத்த தீபாவளி ஆயிரும்."

"அப்ப அதையே ரெண்டாம் பாகமா வச்சிக்கலாம்" என்றார் சித்தப்பா, முறுக்கைக் கடித்துக்கொண்டு.